சைகை மொழி உரைபெயர்ப்பும் செவிப்புலனற்றோர் உரிமையும்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெற்றோர், தாதியர், பிரதேச செயலக உத்தியோகத்தர்கள், உரைபெயர்ப்பாளராக வர ஆசைப்படும் இளையோர் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. நான் திருகோணமலையில் சைகை மொழி உரைபெயர்ப்புப் பயிற்சியில் வேலை செய்கிறேன். என் அண்ணா பிறவியிலேயே செவிப்புலனற்றவர். பதில்களைச் செவிப்புலனற்ற நண்பர்களோடு இருந்து பேசித்தான் எழுதினேன். பல இடங்களில் அவர்கள் சொன்னதை அப்படியே வைத்திருக்கிறேன்.

சைகை தெரிந்த யாரும் உரைபெயர்க்கலாம்தானே?

முடியாது. நீதிமன்றத்தில் முதலியார் ஒருவர் நின்று தமிழையும் சிங்களத்தையும் மாற்றிச் சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு மொழியும் தெரிந்த கடைக்காரர் ஒருவரை வீதியில் இருந்து கூப்பிட்டு அந்த இடத்தில் நிறுத்துவதில்லை. ஒரு மொழியில் வருவதன் கருத்தைப் பிடித்து, மற்ற மொழியில் கூட்டாமல் குறைக்காமல் கொடுப்பது தனியாகப் பழக வேண்டிய வேலை. சைகை மொழியில் அது இன்னும் கடினம். தமிழில் சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். சைகையில் இரண்டு கை, புருவம், தோள், கை நிற்கும் இடம் எல்லாம் ஒரே நேரத்தில் கருத்தைச் சொல்லும்.

ஒரு மருந்துச் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். "சாப்பிட்ட பிறகு காலையும் இரவும் ஒவ்வொரு குளிசை, ஐந்து நாளைக்கு. நோ இருந்தால் மட்டும் இந்த வெள்ளைக் குளிசை." பழகாதவர் சொல்லுக்கொரு சைகை போடுவார்: சாப்பாடு, பிறகு, காலை, இரவு, குளிசை, ஐந்து, நாள், நோ, வெள்ளை. பார்க்கிறவருக்கு ஐந்து குளிசையா ஐந்து நாளா என்று தெரியாது. பழகியவர் இரண்டு மருந்தையும் முதலில் தன் முன்னால் இரண்டு இடத்தில் வைத்துவிடுவார். இடப்பக்கம் உள்ளது நாளாந்தம் எடுப்பது: காலை சாப்பிட்டு முடித்து ஒன்று, இரவு சாப்பிட்டு முடித்து ஒன்று, அது ஐந்தாம் நாள் வரை தொடர்கிறது. அப்புறம் பார்வை வலப்பக்கம் திரும்பும். "நோ வந்தால்" என்ற நிபந்தனை முகத்தில் வரும், அதன் பிறகுதான் வெள்ளைக் குளிசை. நோ இல்லையென்றால் தொட வேண்டாம் என்பதும் அதிலேயே அடங்கிவிடும்.

இதற்கெல்லாம் இலக்கணம் உண்டு. அமெரிக்காவில் செவிப்புலனற்றோருக்கான உயர்கல்வி நிறுவனமான கலோடெட்டில் கற்பித்த வில்லியம் ஸ்டோக்கோ 1960 இல் வெளியிட்ட ஆய்வு, சைகைகளும் பேச்சு மொழிகளைப் போலச் சிறிய கூறுகளால் ஒழுங்காகக் கட்டப்பட்டவை என்று காட்டியது. செவிப்புலனற்றோர் அதற்கு முன்பும் அந்த இலக்கணத்தோடுதான் பேசிக்கொண்டிருந்தார்கள். மொழியியலாளர்கள் கவனிக்கத் தொடங்கியதுதான் பிந்தி.

சைகை மொழி உலகம் முழுக்க ஒன்றுதானே?

ஒன்றல்ல. 300க்கும் மேற்பட்ட சைகை மொழிகள் இருப்பதாக ஐக்கிய நாடுகள் சபை சொல்கிறது. பிரித்தானியரும் அமெரிக்கரும் பேசுவது ஆங்கிலம்தான், ஆனால் அவர்களுடைய சைகை மொழிகள் இரண்டும் வேறு வேறு. அமெரிக்கச் சைகை மொழிக்கு உறவு பிரெஞ்சுச் சைகை மொழியோடு.

இலங்கையில் சைகை மொழி பெரும்பாலும் பாடசாலைகளைச் சுற்றி வளர்ந்தது. 1912 இல் தொடங்கி இரத்மலானையில் நிலைபெற்ற பாடசாலை ஒன்று, தமிழ்ப் பிள்ளைகளுக்காக 1956 இல் கைதடியில் தொடங்கிய நஃபீல்ட் பாடசாலை இன்னொன்று. வேறு பாடசாலைகளும் உண்டு. ஒவ்வொரு விடுதிக்கும் அதற்கேயுரிய சைகைகள் இருந்தன, பிள்ளைகள் அவற்றை ஊருக்குக் கொண்டு வந்தார்கள். அதனால் திருகோணமலை பஸ் நிலையத்தில் செவிப்புலனற்ற நான்கு பேர் சந்தித்தால் ஒருவர் கைதடிச் சைகையோடும், இன்னொருவர் தெற்கில் படித்த சைகையோடும் வரக்கூடும். பள்ளிக்கூடமே போகாமல் வீட்டுக்குள் உருவான சைகையோடு வளர்ந்தவரும் அந்தக் கூட்டத்தில் இருப்பார். பத்து நிமிடத்தில் ஒருவரையொருவர் பிடித்துக்கொள்வார்கள். அந்தத் திறமை அவர்களுடையது. ஒரே ஒரு வீடியோவைப் பார்த்துச் சைகை படித்த உரைபெயர்ப்பாளருக்கு அது வராது.

திருகோணமலைக்கென்று தனியாக என்ன சிக்கல்?

மொழிகள். இங்கே தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள் அடுத்தடுத்து வாழ்கின்றன. கிண்ணியாவில் இருந்து வரும் தாய்க்குத் தமிழ்தான் தெரியும். வைத்தியர் சிங்களத்தில் கேட்பார். தாதி அதைத் தமிழாக்கித் தாய்க்குச் சொல்வார். தாய் தனக்குத் தெரிந்த வீட்டுச் சைகையில் செவிப்புலனற்ற மகனுக்குக் காட்டுவார். மகன் சொல்லும் பதில் அதே வழியால் திரும்பி வரவேண்டும். "எப்போதிருந்து இந்த வலி?" என்று தொடங்கிய கேள்வி "வலிக்குதா?" என்று மட்டும் மகனிடம் போய்ச் சேர்ந்திருக்கும். மகன் ஆம் என்பார். மூன்று வாரமா மூன்று மணித்தியாலமா என்பது வைத்தியரிடம் போகாது.

ஆகவே இந்த மாவட்டத்தில் வேலை செய்யப்போகிற உரைபெயர்ப்பாளருக்குத் தமிழும் சைகையும் மட்டும் காணாது. மருந்தக வரிசையிலும் பொலிஸ் மேசையிலும் வரும் சிங்களமும் விளங்க வேண்டும். விளங்காத இடத்தில், "எனக்குச் சிங்களம் போதாது, தமிழ்–சிங்கள உரைபெயர்ப்பாளர் ஒருவரும் வேண்டும்" என்று முதலிலேயே சொல்ல வேண்டும். இருவர் வரிசையாக நின்று செய்வதில் தவறில்லை. ஒழுங்காகச் செய்தால் கருத்து சிதையாது, நேரம்தான் கூடும். ஊகித்து இட்டு நிரப்புவதுதான் ஆபத்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெண் நோயாளி ஒருவர் பெண் உரைபெயர்ப்பாளரைக் கேட்பது இங்கே மிகச் சாதாரணம், நியாயமும்கூட. பயிற்சிக்கு ஆட்களை எடுக்கும்போதே மூதூரில் இருந்தும் கிண்ணியாவில் இருந்தும் பெண்கள் வந்து போகக்கூடிய நேரத்தில் வகுப்பை வைக்காவிட்டால், பிறகு தேடி எவரும் கிடைக்க மாட்டார்கள்.

அம்மா செவிப்புலனற்றவர், மகள் கெட்டிக்காரி. அவளே உரைபெயர்த்தால் என்ன?

கடைக்குப் போகையில், உறவினர் வீட்டில் இருக்கையில் அவள் செய்யட்டும். அது அவர்கள் வீட்டு வாழ்க்கை. வைத்தியசாலை, பொலிஸ், நீதிமன்றம், பாடசாலை அதிபரின் அறை இவற்றில் வேண்டாம்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருத்தியிடம் வைத்தியர், "அம்மாவிடம் மார்பில் கட்டி இருக்கிறதா என்று கேள்" என்றால் அவள் என்ன செய்வாள்? அம்மாவின் உடம்பைப் பற்றி அம்மாவிடமே கேட்கக் கூச்சம். கெட்ட செய்தி வந்தால் அதை முதலில் தாங்குவதும் அவள்தான், பிறகு அதைத் தன் கையாலேயே அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். பல பிள்ளைகள் அந்த இடத்தில் செய்தியை மென்மையாக்கிவிடுவார்கள், அல்லது பாதியை விட்டுவிடுவார்கள். அது பாசம். ஆனால் சிகிச்சைக்குச் சம்மதம் சொல்ல வேண்டிய அம்மாவுக்கு முழு விடயமும் தெரியாமல் போகிறது.

கணவர், சகோதரர் உரைபெயர்ப்பதிலும் இதே பிரச்சினை உண்டு, சிலவேளை இன்னும் மோசமாக. வீட்டுக்குள் வன்முறை நடந்திருந்தால், முறைப்பாடு யாருக்கு எதிரானதோ அவரே பக்கத்தில் நின்று உரைபெயர்க்கும் நிலை வரலாம். தாதிகளுக்கும் பொலிசாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: வீட்டாரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு ஒருமுறையாவது தனியாகக் கேளுங்கள்.

செவிப்புலனற்ற பெற்றோரிடம் வளர்ந்த பிள்ளைகள் பெரியவர்களாகி இந்தத் தொழிலுக்கு வந்தால் அருமையான உரைபெயர்ப்பாளர்கள் ஆவார்கள். மொழி அவர்களுக்குத் தாய்மொழியாக இருக்கும். ஆனாலும் பயிற்சி அவர்களுக்கும் வேண்டும்.

நான் சொன்னதற்கெல்லாம் அவர் தலையாட்டினார். விளங்கிவிட்டது என்றுதானே அர்த்தம்?

இல்லை. தயவுசெய்து இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். செவிப்புலனற்ற ஒருவர் தலையாட்டினால், பெரும்பாலும் "உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், தொடருங்கள்" என்றுதான் பொருள். நாம் தொலைபேசியில் "ம்… ம்…" என்கிறோமே, அந்த வேலையைத்தான் தலை செய்கிறது. விளங்காவிட்டாலும் திரும்பத் திரும்பக் கேட்டால் எரிச்சல்படுவார்கள் என்று சிறு வயதிலிருந்தே அனுபவப்பட்டு, பேசாமல் தலையாட்டப் பழகியவர்களும் இருக்கிறார்கள்.

இப்போது இதைப் பொலிஸ் வாக்குமூலத்தில் வைத்துப் பாருங்கள். "நேற்று இரவு அந்த இடத்துக்குப் போனீரா?" தலை ஆடுகிறது. "அவரோடு சண்டை பிடித்தீரா?" தலை ஆடுகிறது. இரண்டும் ஆம் என்று எழுதப்பட்டு, கீழே கையெழுத்தும் வாங்கப்படுகிறது. எழுதியவர் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. ஆனால் அந்தத் தாளில் உள்ளது அந்த மனிதர் சொன்னதல்ல. தேர்ந்த உரைபெயர்ப்பாளர் இருந்தால் ஆம்–இல்லை என்று முடியும் கேள்வியைத் தவிர்க்கச் சொல்லிக் கேட்பார்: "நேற்று இரவு எங்கே இருந்தீர் என்று கேளுங்கள், ஐயா." அதற்குத் தலையாட்டி விடை சொல்ல முடியாது.

1895 ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டமே பேச முடியாத சாட்சி எழுத்திலோ சைகையிலோ சாட்சியம் சொல்லலாம் என்கிறது. ஆக நீதிமன்றக் கதவு நூறு வருடத்துக்கு மேலாகத் திறந்துதான் இருக்கிறது. அந்தச் சைகையைச் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஆளைப் பழக்குவதுதான் எங்கள் வேலை.

உரைபெயர்ப்பாளரைப் பழக்குவது யார்? பல்கலைக்கழக ஆசிரியரா?

இதைத்தான் நான் எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன். முதல் ஆசிரியர் செவிப்புலனற்றவராக இருக்க வேண்டும். "இவர் தேறிவிட்டார்" என்று கடைசியில் சொல்பவரும் செவிப்புலனற்றவராக இருக்க வேண்டும். இடையில் மொழியியல், ஒழுக்கக்கோவை, மருத்துவச் சொற்கள் எல்லாவற்றையும் காது கேட்கும் ஆசிரியர்கள் சொல்லிக்கொடுக்கலாம்.

ஏன் என்று கேட்டால், உரைபெயர்ப்பு சரியா பிழையா என்று காது கேட்கும் பக்கத்துக்குத் தெரியவே தெரியாது. 2013 டிசம்பர் 10 அன்று ஜொகன்னஸ்பர்க்கில் நெல்சன் மண்டேலாவின் நினைவு நிகழ்வில் உலகத் தலைவர்களுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று மணிக்கணக்காகக் கையசைத்தார். அரங்கில் இருந்த தலைவர்களுக்கு ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. அது சைகை மொழியே அல்ல என்று உடனேயே சொன்னவர்கள் தென்னாபிரிக்காவின் செவிப்புலனற்றோர். அவரை அமர்த்தும் முன் செவிப்புலனற்ற ஒரே ஒருவரிடம் காட்டியிருந்தால் போதும்.

வகுப்பில் இது எப்படி நடக்கிறது என்று ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். மூதூர்ப் பக்கத்துச் செவிப்புலனற்ற மீனவர் ஒருவர் கடலில் எஞ்சின் நின்ற கதையைச் சொல்லும் சிறிய வீடியோ. மாணவர்கள் குறிப்பெடுக்காமல் ஒருமுறை பார்க்க வேண்டும், பிறகு தமிழில் சொல்ல வேண்டும். ஒரு மாணவி, "இரண்டு பேர் போனார்கள், எஞ்சின் நின்றது, இன்னொரு படகு வந்து இழுத்துக்கொண்டு போனது" என்றாள். எங்கள் செவிப்புலனற்ற ஆசிரியர் கேட்டார்: அந்தப் படகு எந்தப் பக்கத்தால் வந்தது? கயிற்றை எறிந்தது யார்? முதல் முறை பிடிபட்டதா? அவருக்கு அப்போது பயமா, கோபமா? மாணவி திகைத்துவிட்டாள். வீடியோவை மறுபடி ஓடவிட்டோம். படகு கரைப்பக்கத்தில் இருந்து வந்தது அவருடைய கை வந்த திசையில் இருந்தது. கயிறு ஒருமுறை தவறி விழுந்தது மணிக்கட்டில் இருந்தது. கோபம் ஊதிய கன்னத்திலும் தம்பி இருந்த பக்கம் திரும்பிய பார்வையிலும் இருந்தது. எரிபொருள் பார்க்காமல் விட்டது தம்பி. நான் பக்கத்தில் நின்றும் இந்தக் கேள்விகளில் பாதியைக்கூடக் கேட்டிருக்க மாட்டேன்.

வேறென்ன பயில வேண்டும்? முதலில் ஒருவர் சொல்லி நிறுத்திய பிறகு மாற்றிச் சொல்வது, அது கைவந்த பிறகே கூடவே ஓடிச் சொல்வது. டெனிஸ் கோக்லி என்ற ஆய்வாளர் 1986 இல் காட்டியது இதற்குப் பக்கபலம்: பேசுபவரை ஒட்டி ஓடிய உரைபெயர்ப்பாளர்கள் கூடுதலாகப் பிழை விட்டார்கள், சற்றுப் பொறுத்துக் கருத்தைப் பிடித்தவர்கள் குறைவாக விட்டார்கள். சம்பவங்களை எடுத்து ஆராயவும் பழக்குகிறோம். ரொபின் டீன், ரொபேட் பொலார்ட் இருவரும் உருவாக்கிய முறை அதற்கு உதவுகிறது: இடம், ஆட்களுக்கிடையிலான உறவு, பேசும் விதம், உரைபெயர்ப்பாளரின் சொந்த மனநிலை என்று நான்கு பக்கத்தால் வரும் அழுத்தங்களைப் பிரித்துப் பார்ப்பது. வகுப்பில் "நான் அந்த இடத்தில் அழுதுவிட்டேன்" என்று ஒருவர் சொன்னால், அதை வெட்கத்துக்குரியதாக விடாமல் அடுத்த முறை என்ன செய்யலாம் என்று பேசுவதற்கு அது வழி தருகிறது.

எவ்வளவு காலம் பிடிக்கும்?

வருடக்கணக்கில். இந்தியாவில் 2015 இல் அமைக்கப்பட்ட இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் நடத்தும் உரைபெயர்ப்பு டிப்ளோமா இரண்டு வருடம். மூன்று நாள் செயலமர்வுச் சான்றிதழோடு ஒருவர் நீதிமன்றத்தில் நிற்கக்கூடாது. அந்த மூன்று நாளும் வீணில்லை; தாதிக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் வணக்கம் சொல்லவும், பெயர் கேட்கவும், "பொறுங்கள், உரைபெயர்ப்பாளரைக் கூப்பிடுகிறேன்" என்று சொல்லவும் அது போதும்.

செவிப்புலனற்றவரே உரைபெயர்ப்பாளராக முடியுமா?

முடியும், பல நாடுகளில் இருக்கிறார்கள். வீட்டுச் சைகை மட்டும் தெரிந்த முதியவர் ஒருவர் சாட்சி சொல்ல வந்தால், கேட்கும் உரைபெயர்ப்பாளர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் தடுமாறுவார். செவிப்புலனற்ற உரைபெயர்ப்பாளர் நடுவில் இருந்தால் முதியவரின் சைகையைப் பிடித்து, பொதுச் சைகை மொழியாக்கி, கேட்கும் உரைபெயர்ப்பாளருக்குக் கொடுப்பார். நம் ஊரில் இதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். பாடசாலை விடுதியில் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் விளங்கப்படுத்தியவர்கள் அவர்கள்தான். அவர்களைக் கண்டுபிடித்துப் பயிற்சி கொடுத்து, கேட்கும் உரைபெயர்ப்பாளருக்குக் கொடுக்கும் அதே காசைக் கொடுத்தால் சரி.

அநியாயம் நடப்பதைக் கண்டால் உரைபெயர்ப்பாளர் செவிப்புலனற்றவருக்காக வாதாடலாமா?

இந்தத் தொழிலில் பெரிய விவாதமே இதுதான். முன்பு உரைபெயர்த்தவர்கள் ஆசிரியர், போதகர், உறவினர். உதவி செய்கிறோம் என்று அவர்களே முடிவும் எடுத்தார்கள். 1964 இல் அமெரிக்காவில் உரைபெயர்ப்பாளர் பதிவகம் தொடங்கப்பட்ட பிறகு அது தொழிலாக மாறியது. அப்போது மறுபக்கம் சாய்ந்து, இயந்திரம் போல நின்று கையை மட்டும் அசைத்தால் போதும் என்ற எண்ணம் வந்தது. இரண்டும் செவிப்புலனற்றோருக்கு உதவவில்லை.

நான் சொல்லிக்கொடுப்பது இது. அறைக்குள் மற்றவரின் இடத்தில் பேசாதீர்கள். உத்தியோகத்தர் அவமரியாதையாக ஒன்று சொன்னால் அதையும் அப்படியே உரைபெயருங்கள். அதற்குப் பதில் சொல்லும் உரிமை செவிப்புலனற்றவருடையது, நீங்கள் மறைத்தால் அதைப் பறிக்கிறீர்கள். ஆனால் உரைபெயர்ப்புக்கே தடை வந்தால் பேசுங்கள்: வெளிச்சம் காணாது, மூன்று பேர் ஒன்றாகப் பேசுகிறார்கள், நான் கேட்டது அவருக்கு விளங்கவில்லை. அறைக்கு வெளியே, பிரதேச செயலகத்தில் உரைபெயர்ப்புக்கு நிதி ஒதுக்கக் கேட்கும் கூட்டத்தில் தாராளமாகக் குரல் கொடுங்கள், செவிப்புலனற்றோர் அமைப்புக்குப் பின்னால் நின்று.

பின்னால் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1988 மார்ச்சில் கலோடெட் பல்கலைக்கழகத்தில் காது கேட்கும் ஒருவரைத் தலைவராக நியமித்தபோது மாணவர்கள் வாயில்களைப் பூட்டிப் போராடினார்கள். ஒரு வாரத்தில் ஐ. கிங் ஜோர்டன், அந்த நிறுவனத்தின் 124 வருட வரலாற்றில் முதல் செவிப்புலனற்ற தலைவரானார். முன்னால் நின்றவர்கள் செவிப்புலனற்ற மாணவர்கள். உரைபெயர்ப்பாளர்கள் அவர்களுடைய சொல்லை ஊடகங்களுக்குக் கொண்டு சேர்த்தார்கள்.

சின்ன ஊர். நான் சொன்னது வெளியே போய்விடாதா?

போகக்கூடாது. இரகசியம் காப்பது இந்தத் தொழிலின் முதல் விதி. நகரத்தில் காலையில் வைத்தியசாலையில் கண்டவரைப் பின்னேரம் கடற்கரையில் காண்போம். செவிப்புலனற்றோரிடையே செய்தி வேகமாகப் பரவும், உரைபெயர்ப்பாளர்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அதனால் எங்கள் மாணவர்கள் "இன்று வைத்தியசாலையில் வேலை இருந்தது" என்றுகூட வீட்டில் சொல்லாமல் பழக வேண்டும். ஊரும் நோயும் சேர்ந்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். உறவினர் சம்பந்தப்பட்ட வழக்கானால் அவர்கள் வேலையை ஏற்கக்கூடாது. உங்களுக்கு அந்த உரைபெயர்ப்பாளரில் நம்பிக்கை இல்லையென்றால் வேறு ஒருவரைக் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை.

சட்டம் நம் பக்கம் இருக்கிறதா?

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தில் இலங்கை 2007 இல் கையெழுத்திட்டது, 2016 பெப்ரவரியில் ஏற்புறுதி செய்தது. சமவாயத்தின் 2 ஆம் உறுப்புரை சைகை மொழிகளையும் மொழி என்றே வரையறுக்கிறது. 9 ஆம் உறுப்புரை தொழில்முறைச் சைகை மொழி உரைபெயர்ப்பாளர்களை வழங்கச் சொல்கிறது. 13 நீதி பெறுவது பற்றியது, 24 கல்வி பற்றியது. உள்நாட்டில் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், வலுவிழப்பைக் காரணம் காட்டி வேலையிலோ கல்வி நிறுவனத்திலோ பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது.

நடைமுறையில் நான் பரிந்துரைப்பது இரண்டு வழி. ஒன்று, 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். "கடந்த வருடம் உங்கள் அலுவலகம் சைகை மொழி உரைபெயர்ப்பாளரை எத்தனை தடவை அமர்த்தியது, அதற்கு எவ்வளவு ஒதுக்கியது?" என்று தமிழில் எழுதிக் கொடுக்கலாம். வாய் பேசத் தேவையில்லாத வழி இது, பதிலும் எழுத்தில் வரும். மற்றது, இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு. அதற்குத் திருகோணமலையில் பிராந்திய அலுவலகம் உண்டு.

அயலில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன். 2023 செப்டெம்பரில் இந்திய உச்ச நீதிமன்றத்தில் செவிப்புலனற்ற வழக்கறிஞர் சாரா சன்னி உரைபெயர்ப்பாளர் வழியாக ஆஜரானார். அந்தச் செய்தியை எங்கள் வகுப்பில் காட்டியபோது, சட்டம் படிக்கலாமா என்று கேட்ட செவிப்புலனற்ற பிள்ளை ஒருத்தி இங்கே இருக்கிறாள்.

ஏன் இரண்டு உரைபெயர்ப்பாளருக்குக் காசு கேட்கிறீர்கள்?

20 முதல் 30 நிமிடத்துக்குப் பிறகு மூளை களைக்கும், கை ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் கருத்து விடுபடும். செய்கிறவருக்கே அது தெரியாது. அதனால் நீண்ட கூட்டத்துக்கு இருவர் மாறி மாறிச் செய்வார்கள். ஓய்வில் இருப்பவரும் சும்மா இருப்பதில்லை, விடுபட்ட பெயரையும் எண்ணையும் எடுத்துக் கொடுப்பார். கட்டணத்தைச் செவிப்புலனற்றவரிடம் கேட்காதீர்கள். அழைத்த அலுவலகம் கொடுக்க வேண்டும், போக்குவரத்துச் செலவோடு.

எழுதிக் காட்டினால் போதாதா? இப்போது செயலிகளும் இருக்கின்றனவே?

தமிழை நன்றாக வாசிப்பவருக்குச் சிறிய விடயங்களில் எழுதிக் காட்டலாம். ஆனால் காதால் கேட்காத ஒரு மொழியை எழுத்தில் மட்டும் படிப்பது எவ்வளவு சிரமம் என்று யோசியுங்கள். "சத்திரசிகிச்சைக்கு முன் எட்டு மணித்தியாலம் உணவு உட்கொள்ளலாகாது" என்ற வரி பலரைக் கைவிட்டுவிடும். செயலிகளும், கை அசைவைப் படிக்கும் கையுறைகளும் தனிச் சொற்களைக் காட்டுமளவுக்கு வந்திருக்கின்றன. முகமும் இடமும் சேர்ந்த இலக்கணத்தில் திணறுகின்றன. வாட்ஸ்அப் வீடியோ கோல் மட்டும் உண்மையிலேயே பயனுள்ளது: குச்சவெளியில் இருப்பவருக்கு நகரத்தில் இருக்கும் உரைபெயர்ப்பாளர் உடனே கிடைப்பார், சிக்னல் இருந்தால்.

மகளுக்கு இரண்டு வயது, காது கேட்கவில்லை. சைகை பழக்கினால் பேச்சு வராது என்கிறார்கள். உண்மையா?

உண்மையில்லை. சைகை பேச்சைத் தடுக்காது. மொழியே இல்லாமல் முதல் ஐந்து வருடம் கழிவதுதான் பிள்ளையைப் பாதிக்கும். காது கேட்க உதவும் கருவி போடலாம், உள்காதில் கருவி பொருத்தும் சிகிச்சை பற்றியும் வைத்தியரோடு கதைக்கலாம். எதைச் செய்தாலும் இன்றைக்கே அவள் கண்ணுக்கு ஒரு மொழி கிடைக்கட்டும்.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1880 இல் மிலானில் கூடிய ஆசிரியர்கள், செவிப்புலனற்ற பிள்ளைகளுக்கு வாய்ப்பேச்சால் மட்டும் கற்பிக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். உலகெங்கும் வகுப்பறைகளில் பிள்ளைகளின் கைகள் கட்டுப்படுத்தப்பட்டன. 2010 இல் வான்கூவரில் கூடிய அதே மாநாட்டுத் தொடர் அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. செவிப்புலனற்ற பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் கேட்கும் பெற்றோருக்குத்தான் பிறக்கிறார்கள். உங்களைப் போலவே அவர்களும் ஒன்றும் தெரியாமல்தான் தொடங்குகிறார்கள். செவிப்புலனற்ற பெரியவர் ஒருவரை வீட்டுக்கு அழையுங்கள், அக்கா. பிள்ளை அவரோடு விளையாடட்டும், நீங்களும் பக்கத்தில் இருந்து பழகுங்கள்.

ஆபத்து நேரத்தில் என்ன வழி?

1990 அம்புலன்ஸ், 119 பொலிஸ், 117 அனர்த்த முகாமைத்துவம் எல்லாமே பேசி அழைக்கும் எண்களாகத்தான் மக்களுக்குப் பழக்கம். சுனாமிக் கோபுரத்தின் ஒலியும் காதுக்கானது. 2004 டிசம்பர் 26ஐக் கண்ட கரையில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். செவிப்புலனற்றவர் இருக்கும் வீடுகள் எவை என்று கிராம உத்தியோகத்தரிடம் பட்டியல் இருக்க வேண்டும், வெளியேறச் சொல்லும் நேரத்தில் அந்த வீட்டுக் கதவுக்குப் போகும் ஆள் யார் என்று முன்கூட்டியே பெயர் குறித்திருக்க வேண்டும். இரவில் கதவைத் தட்டிப் பயனில்லை. உள்ளே போய் விளக்கைப் போட்டு அணைக்க வேண்டும். உங்கள் ஊர் அனர்த்தக் குழுவில் செவிப்புலனற்ற ஒருவரைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

எங்கள் அலுவலகத்துக்கு முதல் தடவையாக உரைபெயர்ப்பாளர் வருகிறார். எப்படி நடந்துகொள்வது?

செவிப்புலனற்றவரைப் பார்த்துப் பேசுங்கள். "அவரிடம் கேளுங்கள்" என்று உரைபெயர்ப்பாளரிடம் சொல்லாமல், "உங்கள் பெயர் என்ன?" என்று நேரே கேளுங்கள். உரைபெயர்ப்பாளர் உங்களுக்குப் பக்கத்தில், செவிப்புலனற்றவருக்கு எதிரே இருப்பார், உங்கள் இருவரையும் செவிப்புலனற்றவர் ஒரே பார்வையில் பார்ப்பதற்காக. ஜன்னலுக்கு முதுகு காட்டி உரைபெயர்ப்பாளரை இருத்தாதீர்கள், முகம் இருட்டாகிவிடும். படிவத்தை நீட்டினால், அதை வாசித்து முடிக்கும் வரை பேசாதீர்கள். கண் தாளில் இருக்கும்போது கையைப் பார்க்க முடியாது. உரைபெயர்ப்பு சில நொடி பிந்தி வரும், ஆகவே "கேள்வி இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டு உடனே கோப்பை மூடாதீர்கள். கையெழுத்து வாங்கும் முன், என்ன விளங்கியது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். கூட்டம் பற்றிய கடிதமும் பெயர்ப் பட்டியலும் இருந்தால் முதல் நாளே உரைபெயர்ப்பாளருக்கு அனுப்பிவிடுங்கள்.